வீட்டுக்கு எந்தக் கெட்டில்பெல் பயிற்சித் திட்டம்?

வீட்டிலேயே உடற்பயிற்சி செய்யலாம் என்று முடிவெடுத்து ஒரு கெட்டில்பெல்லை, அதாவது கைப்பிடி வைத்த கனமான இரும்புக் குண்டை, வாங்கிவிட்டவர்களுக்கு அடுத்து எழும் கேள்வி, எந்தத் திட்டத்தைப் பின்பற்றுவது என்பதுதான். இணையத்தில் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. தினமும் நூறு ஸ்விங், ஒரே மாதத்தில் பத்தாயிரம் ஸ்விங், வாரம் மூன்று நாள் பிரஸ் (தலைக்கு மேல் உயர்த்துவது), இருபது நிமிடக் காணொளி வகுப்பு என்று ஒவ்வொன்றும் தன்னையே சிறந்ததாகச் சொல்லிக்கொள்கிறது. இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நான் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். அந்தத் திட்டம் என்னை எங்கே நிறுத்தச் சொல்கிறது? எவ்வளவு செய்ய வேண்டும் என்பதை எல்லாத் திட்டங்களும் சொல்கின்றன. இன்று இதற்கு மேல் வேண்டாம் என்பதற்கு அடையாளம் சொல்லித் தருபவை மிகச் சிலவே. பயிற்றுநர் எவரும் அருகில் நின்று பார்க்காத வீட்டில் அந்தச் சிலவற்றைத்தான் நம்பலாம் என்பது என் உறுதியான கருத்து.

இதற்குக் காரணம் கருவியிலேயே இருக்கிறது. தண்டால் எடுக்கும்போது களைத்துப்போனால் நெஞ்சு தரையில் படும், அவ்வளவுதான். பஸ்கி போடும்போது களைத்தால் நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடலாம். பெல்லை ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் வீசும் ஸ்விங்கில் களைத்தாலோ, கால்களுக்கிடையே பின்னால் போய்க்கொண்டிருக்கும் 16 கிலோ இரும்பு நமக்காகக் காத்திருக்காது. இடுப்பை மடித்து, முதுகை நேராக வைத்து, முன்கை தொடையின் உட்புறத்தில் உரசும்வரை பெல்லைப் பின்னுக்கு அனுப்பி, பிட்டத் தசைகளை இறுக்கி ஒரே உந்தில் நிமிர வேண்டும். அப்போது பெல் தானாகவே நெஞ்சு உயரத்துக்கு மிதந்து வரும். கைகள் அதைத் தூக்குவதில்லை, பிடித்திருக்கின்றன, அவ்வளவே. களைப்பு வந்ததும் முதலில் கெடுவது இந்த இடுப்பு மடிப்புதான். பிட்டம் செய்ய வேண்டிய வேலையைக் கீழ்முதுகு ஏற்றுக்கொள்கிறது. ஸ்டூவர்ட் மெக்கில் என்ற கனடா நாட்டு முதுகெலும்பு ஆய்வாளர் 2012-இல் வெளியிட்ட ஆய்வொன்று, வழக்கமாகப் பாரம் தூக்கும்போது இடுப்புப் பகுதி முதுகெலும்பின் மீது விழும் சறுக்கு விசைக்கு (ஒரு முள்ளெலும்பை அடுத்ததன் மேல் சறுக்கச் செய்யும் விசைக்கு) எதிர்த்திசையில் ஸ்விங்கில் விசை விழுகிறது என்று காட்டியது. ஸ்விங்கால் முதுகு நலமடைந்தது என்று சிலர் சொல்வதற்கும், மற்றப் பாரங்களைத் தாங்கும் சிலருடைய முதுகு இதை மட்டும் தாங்காமல் போவதற்கும் இது விளக்கமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வு கருதுகிறது. ஆகவே ஏற்கெனவே முதுகுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

எடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கெட்டில்பெல், ரஷ்யாவில் தானியம் நிறுக்கப் பயன்பட்ட எடைக்கல்லிலிருந்து வந்தது. நம் சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜார் மண்டிகளில் மூட்டைகளுக்கு நடுவே கிடந்த பழைய இரும்பு எடைக்கற்களைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. பூட் என்ற பழைய ரஷ்ய அளவு ஏறத்தாழ 16.38 கிலோ. அதனால்தான் இன்றும் 16, 24, 32 என்று படிகள் அமைந்திருக்கின்றன. பயிற்சியே இல்லாத ஆணுக்கு 16 கிலோவும், பெண்ணுக்கு 8 அல்லது 12 கிலோவும் தொடக்கத்துக்குப் பொருந்தும். இரும்பில் ஒரே வார்ப்பாக வந்ததை வாங்குவது நல்லது. உள்ளே சிமெண்டு அடைத்து மேலே பிளாஸ்டிக் உறை போட்டவை எடைக்கு மீறிப் பருத்திருக்கும், முன்கையில் உட்காரும் இடமும் சரிவராது.

இனித் திட்டங்களுக்கு வருகிறேன். கெட்டில்பெல் பயிற்றுநர் பாவெல் சாட்சூலின் 2013-இல் வெளியிட்ட சிம்பிள் அண்ட் சினிஸ்டர் என்ற திட்டத்தைத்தான் நான் பின்பற்றுகிறேன், அலுவலக நாற்காலியில் நாளைக் கழிப்பவர்களுக்குப் பரிந்துரைப்பதும் அதையே. அதில் பயிற்சிகள் இரண்டுதான். ஒற்றைக் கை ஸ்விங் பத்துப் பத்தாகப் பத்து செட், அதன்பின் பெல்லுடன் படுத்த நிலையிலிருந்து எழுந்து நிற்கும் கெட்-அப் என்னும் பயிற்சி ஒரு பக்கத்துக்கு ஐந்து முறை. ஏறக்குறைய தினமும் செய்யலாம், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இவ்வளவு குறைவாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இதன் உயிர் எண்ணிக்கையில் இல்லை, இடைவேளையில் இருக்கிறது. ஒரு செட் முடிந்ததும் மூச்சு வாங்காமல் ஒரு சிறிய வாக்கியத்தைப் பேச முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பேச முடிந்த பிறகுதான் அடுத்த செட். அது முப்பது விநாடியாக இருந்தாலும் சரி, இரண்டு நிமிடமாக இருந்தாலும் சரி. நான் மாடியில் நின்றபடி, பள்ளிக்குக் கிளம்பும் மகளிடம் ஏதாவது ஒரு கேள்வி கேட்பேன். கேள்வியை உடையாமல் கேட்டு முடிக்க முடிந்தால் பெல்லை எடுப்பேன். பேச்சு திரும்ப நெடுநேரம் பிடிக்கும் நாளில் அன்றைய பயிற்சியை அத்துடன் முடித்துக்கொள்ளலாம். எவரும் பார்க்காத இடத்தில் நம்மைக் காக்கும் ஏற்பாடு இதுதான்.

கெட்-அப் பயிற்சியைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள், அது பெரிய இழப்பு. மல்லாந்து படுத்து, ஒரு கையில் பெல்லை நேராக மேலே நிறுத்தி, அந்தக் கை மடங்காமல், மறுகையின் முழங்கையில் ஊன்றி, பிறகு உள்ளங்கையில் ஊன்றி, இடுப்பை உயர்த்தி, நீட்டிய காலை உடலுக்குக் கீழாகப் பின்னுக்கு இழுத்து முழங்காலிட்டு, அதன்பின் எழுந்து நிற்க வேண்டும். வந்த வழியே திரும்பப் படுக்கவும் வேண்டும். எடை இல்லாமல் இதைப் பழகுவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. இறுக்கி மூடிய கைமுட்டியின் மேல் ஒரு செருப்பைப் படுக்கவைத்து, அது கீழே விழாமல் எழுந்து படுக்க முயல வேண்டும். முழங்கையிலிருந்து உள்ளங்கைக்கு மாறும் இடத்தில்தான் பெரும்பாலும் செருப்பு விழும். தோள் காதை நோக்கி ஏறிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். செருப்பு நிலைக்கும்வரை இரும்பைத் தொட வேண்டாம் என்று யாரிடமும் தயங்காமல் சொல்வேன்.

டான் ஜான் என்ற அமெரிக்கப் பயிற்றுநர் முன்வைத்த பத்தாயிரம் ஸ்விங் சவால் வேறு வகை. ஒரு நாளைக்கு 500 ஸ்விங் வீதம் இருபது பயிற்சி நாட்கள். ஐந்நூறையும் 10, 15, 25, 50 என்று பிரித்து அந்தச் சுற்றை ஐந்து முறை செய்ய வேண்டும், இடையிடையே பிரஸ் அல்லது கோப்லெட் ஸ்குவாட் (பெல்லை நெஞ்சருகே பிடித்துப் போடும் பஸ்கி) போன்ற ஒன்றைச் சில முறை சேர்த்துக்கொள்ளலாம். ஆணுக்கு 24 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ என்பது அவர் சொன்ன எடை. ஸ்விங் ஏற்கெனவே கைவந்தவர்களுக்கு இது மிக நல்ல திட்டம், பிடிவலிமையும் மூச்சும் வெகுவாகக் கூடும். ஆனால் ஐம்பதாவது ஸ்விங்கில் இடுப்பு மடிப்பு என்ன கதியில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். நிறுத்துவதற்கான அடையாளம் இதில் எண்ணிக்கைதானே தவிர உடலின் நிலை அல்ல. ஆகவே புதியவர்கள் இதை வீட்டில் தனியாகத் தொடங்குவதை நான் ஆதரிக்கவில்லை.

திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அன்றாட வேலை உடலுக்கு எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். என் அக்கா ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கிறார். சவுக்கு மரங்களில் மிளகுக்கொடி படர்ந்த அந்தச் சரிவில் காலையிலிருந்து ஏறி இறங்குவதே அவருடைய வேலை. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகும் நமக்கு அங்கே பத்தடி மேட்டில் ஏறினாலே மூச்சு வாங்குகிறது, அவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. "எனக்கு எதுக்குத் தம்பி நூறு ஸ்விங்? மேல் தட்டில் இருக்கும் டப்பாவை எடுத்தால்தான் தோள் நடுங்குகிறது" என்று அவர் கேட்டபோது, அவருக்கு வேறு திட்டம்தான் வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது.

அவருக்கு நான் சொன்னது சாட்சூலினுடைய முந்தைய திட்டமான ரைட் ஆஃப் பாசேஜ். பெல்லைத் தோளுக்குக் கொண்டுவந்து தலைக்கு மேல் உயர்த்தும் கிளீன் அண்ட் பிரஸ் இதன் மையம். ஒவ்வொரு கைக்கும் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று என்று படியேறி (இப்படி ஒரு முறை ஏறுவதுதான் ஓர் ஏணி) மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று படிகள் கொண்ட மூன்று ஏணிகளில் தொடங்கி, ஏணிகளையும் படிகளையும் சிறுகச் சிறுகக் கூட்டி, கடைசியில் ஐந்து படிகள் கொண்ட ஐந்து ஏணிகளை எட்டுவது இலக்கு; அப்போது ஒரு கைக்கு 75 பிரஸ் ஆகிவிடும். வாரத்தில் ஒரு நாள் கனமாக, ஒரு நாள் இலகுவாக, ஒரு நாள் நடுத்தரமாகச் செய்ய வேண்டும். இதிலும் நிறுத்தும் இடம் திட்டத்துக்குள்ளேயே அமைந்திருக்கிறது. அடுத்த படியில் கை தடுமாறும் என்று தோன்றினால் ஏறாமல் அந்த ஏணியை முடித்துவிடலாம். ஒன்று, இரண்டு என்று குறைந்த எண்ணிக்கைக்குத் திரும்பத் திரும்ப வருவதால் களைப்பு சேராமல் மொத்த வேலை மட்டும் சேர்கிறது. தோட்ட வேலை மிகுந்த நாட்களை அக்கா இலகு நாளாக மாற்றிக்கொள்கிறார், அதற்கு இந்தத் திட்டம் இடம் தருகிறது. மலைக்குளிரில் தோள் சூடேற நேரமெடுக்கும் என்பதால், பெல்லின் கைப்பிடியைத் தலைகீழாகப் பிடித்துத் தலையைச் சுற்றிக் கொண்டுவரும் பயிற்சியை அவர் முதலில் செய்கிறார்.

ஜெஃப் நியூபெர்ட் என்ற பயிற்றுநரின் தி ஜயண்ட் என்ற திட்டமும் கிளீன் அண்ட் பிரஸ்தான். குறித்த நேரத்துக்குள் தன் வசதிக்கேற்ற இடைவேளையுடன் எத்தனை செட் முடியுமோ அத்தனை செய்யச் சொல்வதால் அதுவும் உடலைக் கேட்டு நடக்கும் திட்டமே. ஆனால் அது இரண்டு பெல்களுக்காக எழுதப்பட்டது. ஒரே எடையில் இரண்டு வாங்குவது தொடக்கத்தில் வீண்செலவு. பத்து நிமிடம் பெல்லைக் கீழே வைக்காமல் செய்யும் போட்டி விளையாட்டு முறை அழகானது. அதற்குப் பயிற்றுநர் இருந்தே ஆக வேண்டும்.

இருபது நிமிடக் காணொளி வகுப்புகளை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை. திரையில் ஓடும் கடிகாரம் நாற்பது விநாடி வேலை, இருபது விநாடி ஓய்வு என்று கட்டளையிடுகிறது. பார்ப்பவருக்கு மூச்சு திரும்பியதா, பிடி நழுவுகிறதா என்பது அதற்குத் தெரியாது. பாட்டின் வேகத்தில் நாமும் தொடர்ந்துவிடுகிறோம். வேகமாக நடப்பது, படியேறுவது போன்றவற்றுக்கு இந்த முறை பொருந்தும், காற்றில் வீசும் இரும்புக்குப் பொருந்தாது.

இந்த ஊரின் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் காலை எட்டு மணிக்கே மொட்டைமாடி சுடத் தொடங்கிவிடும், கைப்பிடியில் வியர்வை வழியும். பேச்சுச் சோதனை அந்த மாதங்களில் இயல்பாகவே இடைவேளையை நீட்டிவிடும், அதை எதிர்த்துப் போராடக் கூடாது. உள்ளங்கை வழுக்காமல் இருக்கத் தடவும் வெள்ளைப் பொடி மக்னீசியம் கார்பனேட். நம் ஊர்ச் சுரங்கங்களில் வெட்டியெடுத்த வெள்ளைக்கல்லும் அதே பொருள்தான் என்பதை எண்ணும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி. பொடியைக் கொஞ்சமாகத் தடவினால் போதும், மிகுதியாகத் தடவினால் தோல் காய்ப்பு ஏறிக் கிழியும். மாடி வீட்டில் குடியிருப்பவர்கள் கனமான ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். கீழே இருப்பவர்களின் தூக்கம் ஒருபுறமிருக்க, பெல்லைச் சத்தமில்லாமல் தரையில் வைக்கும் அளவுக்குத் தெம்பு மிச்சமிருக்கும்போதே செட்டை முடிக்கும் பழக்கமும் அதனால் வந்துவிடும்.

பலன் என்ன கிடைக்கும் என்பதிலும் அளவான எதிர்பார்ப்பு வேண்டும். டென்மார்க்கில் 40 பேரைக் கொண்டு நடத்தி 2011-இல் வெளியிட்ட எட்டு வார ஆய்வில், கெட்டில்பெல் பயிற்சி செய்தவர்களுக்குக் கழுத்து, தோள், கீழ்முதுகு வலிகள் குறைந்தன, முதுகின் வலிமை கூடியது. மூச்சுத்திறன் மட்டும் குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. நாற்காலி வேலை செய்பவர்களுக்கு இந்த முதல் பகுதியே பெரிய வரம். மூச்சுத்திறனுக்கு வாரத்தில் சில நாள் நடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் மாலையில் மூக்கனேரிப் பக்கம் நடக்கிறேன்.

அடுத்த எடைக்கு மாறுவதிலும் இதே கணக்குதான். 16 கிலோவிலிருந்து 24 கிலோ என்பது எடையில் பாதியைக் கூட்டும் தாவல். பத்து செட்டையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. பேச்சு விரைவாகத் திரும்பும் நாட்கள் வழக்கமான பிறகு, நடுவில் வரும் இரண்டு செட்டை மட்டும், ஒரு கைக்கு ஒன்றாக, 24 கிலோவில் செய்து மற்றவற்றைப் பழைய எடையிலேயே தொடர வேண்டும். அவை இலகுவான பிறகு இன்னும் இரண்டு. கெட்-அப் அதைவிட மெதுவாக மாறும், அவசரமில்லை. நான் இப்போது நான்கு செட்டைப் புதிய எடையில் செய்கிறேன், கெட்-அப்பை இன்னும் 16 கிலோவிலேயே வைத்திருக்கிறேன்.