சிவப்பு சுவிட்ச்

நிறுத்தி வைத்த விமானத்தின் பேட்டரியைத் தீர்த்துவிட்ட பெருமை இந்த வாரம் எனக்குக் கிடைத்தது. மெல்பேர்னின் மூராபின் விமான நிலையத்தில் நான் பயிற்சி எடுக்கும் செஸ்னா 172 அது. வெள்ளி மாலை என்ஜினை அணைத்து, இறக்கைகளைக் கயிற்றால் கட்டி, வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாய்க்கு உறைகூட மாட்டினேன். மின்கருவிகளைப் பேட்டரியோடு இணைக்கும் சிவப்பு மாஸ்டர் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டேன்.

காரைப் போல இதில் சாவியை எடுத்தால் எல்லாம் அடங்கிவிடாது. சாவி, என்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவுக்கும் ஸ்டார்ட்டருக்கும் மட்டும்தான். மாஸ்டர் போட்டிருக்கும் வரை, பேட்டரியை இணைக்கும் ரிலேவே ஓயாமல் மின்சாரம் குடிக்கும். ஞாயிறு காலை ஏறிப் பார்த்தால், டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தும் அதன் அளவைக் காட்டும் முட்கள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தன.

வேறு பேட்டரியைக் கொடுத்துக் கிளப்பிவிடலாமே என்றேன். பயிற்றுநர் முறைத்தார். பறக்கும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் வேலை செய்யத் தொடங்கவே பேட்டரியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் வேண்டும். செத்த பேட்டரியோடு மேலே போய் ரேடியோவையும் இழப்பதா? கழற்றிச் சார்ஜில் போட்டார்கள். அன்றைய வகுப்பு போயிற்று.

அவர் சொன்ன உபாயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வாலின் உச்சியில் மின்னும் சிவப்பு பீக்கன் விளக்கின் சுவிட்சை அணைக்கவே கூடாதாம். மாஸ்டரை அணைத்தால் அதுவும் தானாக அணையும். மறந்தால் மின்னிக் காட்டிக்கொடுக்கும். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறும் என் அம்மாவைப் போல, இப்போதெல்லாம் நான்கு எட்டு நடந்ததும் வாலைத் திரும்பிப் பார்க்கிறேன். நேற்று இரண்டு முறை பார்த்தேன்.