மானி காட்டியது நேர் அழுத்தம், காற்று வந்தது உள்நோக்கி

நான் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியராகப் பணிபுரியும் மருத்துவமனையில், இரத்தப் புற்றுநோய் வார்டில் இருந்த இரண்டு நோயாளிகளுக்கு அடுத்தடுத்து நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைத் தொற்று உறுதியானது. பக்கத்துக் கட்டடத்தை இடிக்கும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது; அத்தகைய தூசியோடு இந்தப் பூஞ்சையின் வித்துகளும் காற்றில் பறக்கும். நோயாளிகளை வேறு அறைகளுக்கு மாற்றியதிலும், பூஞ்சை எதிர்ப்பு மருந்தான வோரிகோனசோல் தொடங்கியதிலும், தொற்றுக் கட்டுப்பாட்டுக் கமிட்டியைக் கூட்டியதிலும் எந்தச் சிக்கலும் வரவில்லை. பூஞ்சை எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கிய பிறகுதான் அலைச்சல் ஆரம்பித்தது. இதே வேலையில் இறங்கவிருக்கும் செவிலியர்களுக்கும் நுண்ணுயிரியல் பிரிவினருக்கும் உதவும் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பராமரிப்புப் பிரிவிடம் அந்த வார்டுக்குள் வரும் காற்றை வடிகட்டும் ஹெப்பா ஃபில்டரின் சோதனைச் சான்றிதழைக் கேட்டேன். முத்திரையும் கையொப்பமும் சரியாக இருந்த ஒரு தாளை எழுத்தர் உடனே எடுத்துக் கொடுத்தார். ஆனால் அதில் குறிக்கப்பட்டிருந்த அறை எண் அறுவை அரங்கினுடையது. அதைச் சுட்டிக்காட்டியபோது, "எல்லாம் ஒரே கம்பெனிதான் சிஸ்டர், ஒரே நாளில்தான் பார்த்தார்கள்" என்றார். வார்டுக்குரிய சான்றிதழ் கடைசிவரை வரவில்லை. ஆகவே, சான்றிதழ் கைக்கு வந்ததும் தேதியை மட்டும் பார்த்துவிட்டுக் கோப்பில் வைக்காதீர்கள். அறை எண்ணையும் ஃபில்டரின் வரிசை எண்ணையும் நேரில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைத் தடுக்கும் ஹெப்பா ஃபில்டர், 2 முதல் 3 மைக்ரான் அளவுள்ள ஆஸ்பர்ஜில்லஸ் வித்துகளை எளிதில் நிறுத்திவிடும். அது கிழியாமல், ஓரத்தில் கசியாமல் இருக்கும்வரை, ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக வரும் காற்றைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். அதனால்தான் இத்தகைய அறைகளில் வெளித்தாழ்வாரத்தைவிடக் குறைந்தது 2.5 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) கூடுதல் அழுத்தமும், அதாவது நேர் அழுத்தமும், மணிக்கு 12 முறைக்குக் குறையாத காற்று மாற்றமும் இருக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது.

எங்கள் அறை வாசலில் இருந்த அழுத்தமானி 8 பாஸ்கல் காட்டியது. பதிவேட்டிலும் நாள்தோறும் 8 என்றே எழுதப்பட்டிருந்தது. கதவை அகலத் திறந்து வைத்துப் பார்த்தேன். அப்போதும் முள் 8-லேயே நின்றது. கதவு திறந்திருக்கும்போது விழாத முள் எதையும் அளக்கவில்லை என்றுதான் பொருள். டிஷ்யூ தாளை மெல்லிய கீற்றாகக் கிழித்து, மூடிய கதவின் அடி இடுக்கில் வெளியிலிருந்து பிடித்தேன். வெளியே படபடக்க வேண்டிய கீற்று உள்பக்கமாக இழுக்கப்பட்டு கதவுக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டது. இடிப்பு வேலையின் தூசி முன்வடிகட்டியை அடைத்திருந்ததால் உள்ளே வரும் காற்று குறைந்துவிட்டது. கழிவறையின் எக்சாஸ்ட் விசிறியோ வழக்கம்போல் இழுத்துக்கொண்டிருந்தது. அதை ஈடுகட்டத் தாழ்வாரத்துக் காற்றும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே உள்ள காற்றும் அறைக்குள் புகுந்திருக்கின்றன. காசு செலவில்லாத இந்தச் சோதனையை முதல் நாளே செய்துவிடுங்கள்.

காற்று மாதிரி எடுக்க, பூஞ்சையை வளர்க்கும் சபரோ அகார் பிளேட் வேண்டும் என்று எழுதியபோது, கொள்முதல் பிரிவு "வருடாந்திர இண்டென்ட்டில் இல்லை" என்று திருப்பி அனுப்பியது. பிளேட்டை மேசையில் திறந்து வைத்தாலே போதுமே என்று ஆய்வகத்தில் ஒருவர் யோசனை சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. இவ்வளவு சிறிய வித்துகள் மிக மெதுவாகவே கீழிறங்கும் என்பதால், அப்படி வைத்த பிளேட்டில் ஒன்றும் வளரவில்லை என்றாலும் காற்று சுத்தம் என்று சொல்ல முடியாது. குறிப்பிட்ட அளவு காற்றை உறிஞ்சிப் பிளேட்டின் மேல் மோதவிடும் கருவிதான் வேண்டும். அதை வாடகைக்குப் பிடித்து, நகரத்தின் மறுகோடிக்குப் போய் எடுத்து வந்து பார்த்தால், அதன் தலைப்பகுதி 55 மில்லிமீட்டர் பிளேட்டுக்கு உரியது. எங்களிடம் இருந்தவை எல்லாம் 90 மில்லிமீட்டர். அன்றைய பயணமும் வாடகையும் வீண். கருவியைப் பேசி முடிக்கும்போதே பிளேட் அளவையும் அளவுத்திருத்தச் சான்று நடப்பில் உள்ளதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இத்தனை வித்துகள் வரை பாதுகாப்பு என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட வரம்பு எண் கிடையாது. எனவே வெளிக்காற்று, தாழ்வாரம், அறை என மூன்று இடங்களிலும் ஒரே நாளில் எடுத்து ஒப்பிட வேண்டும். பிறகு அப்படி எடுத்துப் பார்த்தபோது, எங்கள் அறைகளில் ஒன்றில் மட்டும் எண்ணிக்கை தாழ்வாரத்தைத் தாண்டியது. மனித உடலின் வெப்பநிலையான 37 டிகிரியில் வைத்த பிளேட்டுகளிலும் நீலப்பச்சையாக வளர்ந்திருந்தது. தாழ்வாரத்தைவிட அறையில் கூடுதல் என்றால், வித்துகள் உள்ளேயே எங்கோ உற்பத்தியாகின்றன என்று சந்தேகிக்க வேண்டும்.

ஃபால்ஸ் சீலிங்கைத் திறக்கச் சொன்னதும், முதலில் ஒப்பந்ததாரரின் அனுமதி வேண்டும் என்றார்கள். அனுமதி கிடைத்த மறுநிமிடமே, பக்கத்து அறைகளில் நோயாளிகள் இருக்கும்போதே ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார்கள். பூசணம் பிடித்த பலகையை அசைத்தாலே வித்துகள் கொட்டும் என்பதை விளக்கி, நோயாளிகளை மாற்றி, பிளாஸ்டிக் தடுப்பு கட்டி, ஹெப்பா பொருத்திய வாக்குவம் வரும்வரை யாரையும் ஏற விடவில்லை. வேலையைத் தாமதப்படுத்துகிறேன் என்று பொறியாளர் மேலிடத்தில் புகார் சொன்னார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

கீழிருந்து பார்த்தபோது அந்த ஜிப்சம் பலகையில் டீக்கறை போன்ற ஒரு வளையம், அதுவும் வெள்ளை பெயின்ட் அடித்து மறைக்கப்பட்டு, மங்கலாகத்தான் தெரிந்தது. மேல்பக்கம் முழுவதும் சாம்பல் பச்சையாகவும் கறுப்பாகவும் பூத்திருந்தது. குளிர்நீர்க் குழாயின் மேலுறை கிழிந்து, வியர்த்த நீர் சொட்டுச் சொட்டாக அங்கே விழுந்திருக்கிறது. ஒட்டும் டேப்பால் தொட்டெடுத்து, லாக்டோஃபீனால் காட்டன் புளூ சாயம் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது ஆஸ்பர்ஜில்லஸின் வித்துத் தலைகள் தெளிவாகத் தெரிந்தன. மரபணு ஒப்பீடு செய்யாததால், நோயாளிகளைத் தாக்கியது இதே பூஞ்சைதான் என்று நான் அறிக்கையில் எழுதவில்லை. பலகையை அகற்றுவதற்கு அந்த நிரூபணம் தேவையும் இல்லை. 72 மணி நேரத்துக்குள் உலராத பலகையை மாற்ற வேண்டுமே தவிர, அதன் மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது.

இதோடு சலவைத் துணிகளையும் பார்த்தேன். 2008, 2009 ஆண்டுகளில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் மியூகர்மைகோசிஸ் என்னும் பூஞ்சை நோய் தொற்றி 5 குழந்தைகள் இறந்ததற்குப் படுக்கைத் துணிகளே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வு காட்டியது. எங்கள் துவைத்த துணி வண்டியோ இடிப்பு வேலை நடக்கும் முற்றத்தின் வழியாக மூடியில்லாமல் வந்துகொண்டிருந்தது. வழியை மாற்றி மூடி போட வைப்பது அன்றே முடிந்தது. தொட்டி மண்ணிலும் பூஞ்சை வளரும் என்பதால், செவிலியர் மேசையிலிருந்த பூந்தொட்டியை அகற்றத்தான் அதைவிட அதிகம் வாதாட வேண்டியிருந்தது.

மானியைத் திறந்து பார்த்தபோது அதன் ரப்பர் குழாய் கழன்று, முள்ளும் சிக்கிக் கிடந்தது; இப்போது புதியது பொருத்தியிருக்கிறார்கள். டிஷ்யூ கீற்றுச் சோதனையை ஒவ்வொரு ஷிஃப்டிலும் செய்து குறிக்கும்படி பதிவேட்டில் ஒரு பத்தி சேர்த்துவிட்டேன். பிளேட் அளவு பொருந்தாமல் போன அன்றைய கருவி வாடகைக்கான பில் மட்டும், "பயன்படுத்தாத பொருளுக்கு எப்படிப் பணம் தருவது?" என்ற குறிப்போடு கொள்முதல் பிரிவில் இன்னும் நிலுவையில் கிடக்கிறது.