பி.எஃப். பென்ஷன்: பணத்தைவிட சர்வீஸ்தான் முக்கியம்

போன வருடம் எனக்கு 58 முடிந்தது. திருப்பூரில் இரண்டு பனியன் கம்பெனிகளில் மொத்தம் 25 வருட வேலை. பி.எஃப். பணம் சீக்கிரமே கைக்கு வந்துவிட்டது. பென்ஷன்தான் இழுத்தடித்தது.

நம் சம்பளத்தில் பிடிக்கும் 12 சதவீதம் முழுக்க பி.எஃப்.புக்கே போகிறது. முதலாளி போடும் 12-இல் 8.33 சதவீதம்தான் பென்ஷன் நிதிக்குப் பிரிகிறது. மத்திய அரசு 1.16 சதவீதம் போடுகிறது. பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு என்பதால் சம்பளம் முப்பதாயிரமானாலும் முதலாளி பங்கிலிருந்து மாதம் 1,250-தான் ஏறும். 2014 செப்டம்பருக்கு முன் வரம்பு 6,500, ஏறியது 541.

பி.எஃப். பாஸ்புக்கில் இந்தப் பென்ஷன் தொகைக்கு வட்டியே காட்டவில்லை என்று பலர் கொதிக்கிறார்கள். அது நம் பேரில் கிடக்கும் சேமிப்பு இல்லை, எல்லாருக்குமான பொது நிதி. அதில் நமக்கென்று இருப்பது சர்வீஸ், அதாவது பென்ஷனுக்குப் பணம் கட்டி வேலை பார்த்த வருடங்கள்.

கணக்கு இதுதான்: கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 2014-க்குப் பிந்தைய 11 வருடத்துக்கு 15,000 வரம்பில் 2,357 ரூபாய். முந்தைய 14 வருடத்துக்கு 6,500 வரம்பில் 1,300. இருபது வருட சர்வீஸ் இருந்தால் 2 வருடம் கூடுதலாகச் சேர்ப்பார்கள். ஆக, நாலாயிரத்தை ஒட்டி வரும். இந்த விலைவாசியில் அது எந்த மூலைக்கு என்பது வேறு பேச்சு.

சிக்கல் என்னவென்றால், முதல் கம்பெனியின் 9 வருடம் பி.எஃப். கணக்கின் சர்வீஸ் ஹிஸ்டரியில் இல்லை. கம்பெனி மாறியபோது பி.எஃப். பணம் மட்டும் வந்திருந்தது. நான் விலகிய தேதியை அவர்கள் பதியவே இல்லை. அது சேராவிட்டால் 16 வருடம்தான், அந்த 2 வருடமும் போச்சு. பழைய சம்பளச் சீட்டில் இருந்த பி.எஃப். எண்ணோடு எழுதிக்கொடுத்து, பலமுறை அலைந்த பிறகு சேர்த்தார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர் அப்போதே 10சி படிவம் போட்டு பென்ஷன் பணத்தை எடுத்துவிட்டார். அவருக்கு அந்த வருடங்கள் அதோடு தீர்ந்தன.

அதன்பின் பென்ஷன் கேட்டுப் போடும் 10டி படிவம் சிரமம் தரவில்லை. மனைவியோடு சேர்ந்து எடுத்த போட்டோ, பேங்க் பாஸ்புக், ஆதார் ஓ.டி.பி., அவ்வளவே. மனைவி பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். நமக்குப் பின் பென்ஷனில் பாதி அவர்களுக்குத்தான் போகும். அப்போது தேதியைத் திருத்தச் சொல்லி அவர்கள் தனியாக அலையக் கூடாது.