கடையில் பேஸ், வீட்டில் மைக்

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிறேன். விற்பனையும் நான்தான், ரிப்பேரும் நான்தான். கேமிங் ஹெட்செட் கேட்டு வருகிற பையன்கள் காதில் மாட்டியதும் முதலில் போடுவது ஒரு கானா பாட்டு. பேஸ், அதாவது தும் தும்மென்கிற கனமான அடிச்சத்தம், அதிர்ந்தால் முகம் மலரும். இல்லையென்றால், "இன்னாண்ணா, சவுண்டே இல்ல" என்று கழற்றி வைத்துவிடுவார்கள். மைக்கை யாரும் சோதிப்பதில்லை. சோதிக்கத் தோன்றாததிலும் ஒரு நியாயம் உண்டு. அது எப்படி இருக்கிறதென்று வாங்குகிறவனுக்குக் கேட்கவே கேட்காது. கேட்கப்போகிறவன் எதிர்முனையில் இருக்கும் கூட்டாளி, அவனோ கடைக்கு வருவதில்லை.

பேஸ் பலமாக இருந்தால் அது மற்ற மெல்லிய ஒலிகளை மூடிவிடும். துப்பாக்கி கேமில் ஆளைக் காப்பாற்றுவது குண்டு வெடிக்கிற சத்தமா என்ன? பக்கத்து அறையில் எதிராளி நடக்கிற காலடிச் சத்தம்தான். அதனால் பாட்டை நிறுத்திவிட்டு, அவன் விளையாடுகிற கேமையே திறக்கச் சொல்வேன். கேமுக்குள் கூட்டாளியை அவனைச் சுற்றிச் சுற்றி நடக்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பக்கம் என்று கை காட்டச் சொல்வேன். இடம், வலம் எல்லாரும் சரியாகக் காட்டுவார்கள். முன்னாலா, பின்னாலா என்பதில்தான் ஹெட்செட்டின் யோக்கியதை வெளிப்படும். சுற்றிலுமிருந்து ஒலி வரும் என்ற அர்த்தத்தில் அட்டையில் 7.1 என்று போட்டிருக்கும். பெரும்பாலானவற்றில் ஒரு காதுக்கு ஒரு டிரைவர், அதாவது ஒரு குட்டி ஸ்பீக்கர்தான் இருக்கிறது, மீதியெல்லாம் மென்பொருள் வேலை. சிலருக்கு அது உதவுகிறது. எனக்கு அதை ஆன் செய்தால் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி இருக்கும். 40 மி.மீ. டிரைவரை விட 50 மி.மீ. உயர்ந்தது என்பதும் அப்படித்தான், அளவை வைத்துத் தரம் சொல்ல முடியாது. இரண்டு ஹெட்செட்டை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக வைத்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதைத்தான் காது நல்லது என்று நம்பும். விற்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

மைக்குக்கு நேரம் கொடுக்க வேண்டும். லேப்டாப்பில் பதிவை ஆன் செய்துவிட்டு முதலில் சும்மா இருக்கச் சொல்வேன். ஃபேன் ஓடட்டும், வெளியே பஸ் ஹாரன் அடிக்கட்டும். அப்புறம் சாதாரணமாகப் பேச வேண்டும், அதன்பிறகு கேமில் கத்துகிற மாதிரியே கத்த வேண்டும். கடையில் கத்த எல்லாருக்கும் கூச்சம், ஆனால் கத்தினால்தான் குரல் உடைந்து கரகரக்கிறதா என்று தெரியும். பதிவை அதே ஹெட்செட்டில் கேட்கக் கூடாது. அதன் பேஸ் மைக்கின் குறையை மறைத்துவிடும். வேறொன்றில் கேட்க வேண்டும். ப, ப என்று காற்று அடிக்கிறதா, ஸ, ஷ கூர்மையாகக் குத்துகிறதா, எல்லாம் அதில் வந்துவிடும். காற்று அடித்தால் உடனே மைக்கைக் குறை சொல்ல வேண்டாம். வாய்க்கு நேரே வைக்காமல், உதட்டோரத்தில் இரண்டு விரல் தள்ளி வைத்தாலே பாதி சரியாகிவிடும்.

இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் சோதனை இன்னும் முக்கியம். வியாசர்பாடியில் ரயில் பாதையை ஒட்டிய வீடு, எண்ணூர் நெடுஞ்சாலையில் ராத்திரியெல்லாம் கன்டெய்னர் லாரி போகிற வீடு என்று வருகிறவர்களுக்கு அந்த வசதி தேவைதான். ஆனால் மலிவான வகைகள் குரல் தணிந்ததும் மைக்கை மூடிவிடும். நாம் வாக்கியத்தை முடிக்கும்போது குரல் தணியும், தமிழில் 'வேண்டாம்', 'இல்லை' எல்லாம் வருவதோ கடைசியில்தான். "உள்ள போகாத" என்று சொன்னது "உள்ள போக" என்றே போய்ச் சேர்ந்தால், கூட்டாளி நேரே உள்ளே போய்ச் சாவான். அதனால் என் சோதனையில் மெதுவாகச் சொன்ன ஒரு 'வேண்டாம்' கட்டாயம் உண்டு.

ரிப்பேருக்கு வருகிற 'செத்த மைக்'குகளில் நிறைய உயிரோடுதான் இருக்கின்றன. பழைய கம்ப்யூட்டரில் பச்சை ஓட்டை ஒலிக்கு, இளஞ்சிவப்பு ஓட்டை மைக்குக்கு. இரண்டும் சேர்ந்த ஒற்றை ஜாக்கைப் பச்சையில் செருகினால் பாட்டு கேட்கும், மைக் வேலை செய்யாது. ஒற்றை ஜாக்கை இரண்டாகப் பிரிக்கிற ஒரு ஸ்ப்ளிட்டர் வயர் போதும். மவுஸை நகர்த்தும்போதெல்லாம் கிர்ரென்று கேட்கிறது என்பார்கள். அது பெரும்பாலும் கேபினெட்டின் முன்பக்க ஜாக்கின் வேலை, பின்பக்கம் மாற்றினால் போய்விடும், போகாவிட்டால் சின்ன யூஎஸ்பி சவுண்டு கார்டு.

வழக்கமான புளூடூத்தில் மைக் ஆன் ஆனதும் மொத்த ஒலியும் சப்பென்று ஆகிவிடும். பேச்சுக்கான முறைக்கு மாறி, ஒலியை விநாடிக்கு 8,000 அல்லது 16,000 முறை அளந்தெடுப்பதோடு நின்றுவிடுகிறது, சிடியில் அது 44,100. கேமுக்கு வயர் வாங்குங்கள், இல்லையென்றால் கம்ப்யூட்டரில் செருகுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் டாங்கிளோடு வருவதை வாங்குங்கள் என்பேன். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடேயே மாட்டிப் பார்க்க வேண்டும். காதுமெத்தைக்கும் தோலுக்கும் இடையே சந்து விழுந்தால் பேஸ் கசிந்துவிடும். நம்மூர் வியர்வையில் ரெக்சின் மெத்தை உரிந்தாலும் இதே கதைதான், அதற்காகப் புது ஹெட்செட் வேண்டியதில்லை, மெத்தையை மட்டும் மாற்றினால் போதும்.

போன மாதம் எம்.கே.பி. நகரிலிருந்து ஒரு அம்மா மகனோடு வந்தார். பையன் பேஸ், கலர் கலராக எரிகிற ஆர்ஜிபி விளக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவர் நடுவில் புகுந்து, "தம்பி, இவன் ராத்திரில கத்துறான், பக்கத்து வூட்ல சண்டைக்கு வர்றாங்க. கத்தாம பேசற மாதிரி ஏதாச்சும் இருக்கா?" என்றார். நான் பார்த்த விமர்சன வீடியோக்களில் இந்தக் கேள்வி வந்ததில்லை. காதை இறுக மூடினால் சொந்தக் குரல் சரியாகக் கேட்காது, அதனால் ஆள் தானாகவே கத்துவான். தன் குரலையே காதுக்குள் கொஞ்சம் திருப்பித் தருகிற சைடுடோன் வசதியுள்ள ஒன்றை எடுத்து மாட்டிவிட்டேன். பையன் "ஹலோ" என்றான், அடுத்த "ஹலோ" பாதிச் சத்தத்தில் வந்தது. "விளக்கு எரியாதா?" என்று கேட்டான். எரியாது என்றேன். அம்மா பர்ஸைத் திறந்துவிட்டார்.