ராரா ஏரிக்கரையில் ஒரு மர விடுதி

நேபாளம் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது பசுபதிநாத், முக்திநாத், மிஞ்சினால் போக்ரா. மேற்கே கர்ணாலி மலைப்பகுதியில், முகு மாவட்டத்தில் இருக்கும் ராராவுக்கு யாத்திரைக் குழு எதுவும் போவதில்லை. நேபாளத்தின் மிகப் பெரிய ஏரி அதுதான். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,990 மீட்டர் உயரம். ஆழம் 167 மீட்டர்.

லக்னோவரை விமானம், அங்கிருந்து சாலைவழியாக ருபைதீஹா எல்லை. தாண்டினால் நேபாள்கஞ்ச். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். நம்முடைய 100 ரூபாய்க்கு அவர்களுடைய 160. நேபாள்கஞ்சிலிருந்து தால்சா என்ற மலையோர ஓடுதளத்துக்குச் சிறிய விமானம் காலையில் மட்டும் போகும். மதியத்துக்கு மேல் காற்று எழும்பிவிடும். மேகம் கவிந்தால் காலையிலும் கிளம்பாது. எனவே திரும்பும் டிக்கெட்டை நெருக்கிப் போடாதீர்கள். விமானத்தில் ஏறுமுன் பெட்டியை எடைபோட்டபின் ஆளையும் தராசில் ஏற்றுகிறார்கள். என் முறை வந்தபோது பின்னால் நின்ற கிழவர் எண்ணை உரக்கப் படித்தார்.

தால்சாவிலிருந்து ஏரிக்கு இரண்டு மூன்று மணி நேர நடை. பைன் மரங்களுக்கு நடுவே ஏறிக்கொண்டே போய், ஒரு திருப்பத்தில் மரங்கள் விலகியதும் மொத்த ஏரியும் கீழே விரிகிறது. ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே நீலம். காலையில் மை நீலம், உச்சிவேளையில் பச்சை கலந்தது, மேகம் வந்தால் ஈயம். என் கேமரா அதில் ஒன்றைக்கூட ஒழுங்காகப் பிடிக்கவில்லை.

விடுதி என்று பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். கல்லும் மரமுமான ஒரு கட்டடம். அறைக்கும் அறைக்கும் நடுவே பலகைத் தடுப்பு. பக்கத்து அறைக்காரர் புரண்டு படுத்தாலும் கேட்கும். சூரிய மின்சாரத்தில் ஒரு மங்கல் விளக்கு. வெந்நீர் கேட்டால் வாளியில் வரும். அக்டோபர் இரவுக்கு இரண்டு ரஜாய்கள் வேண்டும், கூச்சப்படாமல் மூன்றாவதும் கேளுங்கள். ஆனால் ஜன்னலைத் திறந்தால் புல்வெளி, அடுத்து தண்ணீர், அதற்கப்பால் சூசேமாரா மலை. அந்த ஜன்னலுக்காக நான் வாளிக் குளியலை மன்னித்துவிட்டேன்.

உண்மையில் எல்லோரும் வாழ்வது சமையலறையில்தான். நடுவில் இரும்பு அடுப்பு, கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் புகைக்குழாய், சுற்றிலும் பலகைகள். விடுதிக்காரரின் மனைவியை எல்லோரும் ‘தீதி’ (அக்கா) என்றே கூப்பிடுகிறார்கள். காய்ந்த மிளகாயைத் தணலில் வாட்டி, தக்காளியைச் சுட்டுத் தோலுரித்து, திமூர் என்ற காட்டு மிளகோடு கல்லில் வைத்து அரைத்தார். ஒரு துளி தொட்டு நாக்கில் வைத்தேன். காரம் முதலில் தெரியவில்லை. சற்றுக் கழித்து உதடு மரத்துப்போய்ச் சுருசுருவென்றது. அதோடு பாப்பரை (பக்வீட்) மாவு ரொட்டி, அவரைப் பருப்பு, ஜும்லாவிலிருந்து வரும் மார்சி சிவப்பரிசிச் சோறு. நம் மாப்பிள்ளைச் சம்பாவைப் போல மென்று தின்ன வேண்டிய அரிசி. உலகிலேயே மிக உயரத்தில் விளையும் நெல் ரகங்களில் அதுவும் ஒன்று. ஏரியில் அசலா மீன் துள்ளுகிறதே என்று கேட்டேன். தேசியப் பூங்கா, தூண்டில் போடக்கூடாது என்று தீதி சிரித்தார்.

இந்தப் பூங்கா விஷயம்தான் எனக்கு அங்கே போனபின் உறுத்தியது. கரையைச் சுற்றி நடந்தபோது, வடக்குப் பக்கத்தில் புல்லுக்கு அடியில் படிப்படியாக வரப்புகள் தெரிந்தன. மேய்ச்சல் நிலத்துக்கு எதற்கு வரப்பு? அன்று இரவு விடுதிக்காரர் சொன்னார். 1976இல் பூங்கா அமைத்தபோது, ராரா, சாப்ரு என்ற இரண்டு ஊர்களைக் காலிசெய்து மக்களைத் தெற்கே தராய்ச் சமவெளிக்கு அனுப்பினார்கள். “எங்கள் அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர். இங்கே இருந்தவர்களுக்கு அந்த வெக்கையும் கொசுவும் எப்படி ஒத்துக்கொள்ளும்?” என்றார். இப்போது ஏரிக்கரையில் இருப்பவர்கள் பூங்காவைக் காக்கும் ராணுவத்தினர், விடுதிக்காரர்கள், என்னைப் போன்றவர்கள். ஆளரவமற்ற ஏரி என்று நான் வியந்தது தானாக அமைந்த தனிமை அல்ல. காடு பிழைத்தது, கஸ்தூரி மானும் செம்பாண்டாவும் பிழைத்தன, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வரப்புகளைப் பற்றி, போவதற்கு முன் நான் படித்த எந்தப் பயணக் குறிப்பிலும் ஒரு வரி இல்லை.

இப்போது ஜீப் பாதை ஏரிக்கு அருகே வரை வந்துவிட்டதால், நேபாள இளைஞர்கள் கூட்டமாக வருகிறார்கள். அறைகளோடு சேர்ந்த குளியலறை கட்டலாமா என்று விடுதிக்காரர் என்னிடம் யோசனை கேட்டார். அடுப்படியும் அதைச் சுற்றி உட்காருவதும் போய்விடுமே, இப்படியே இருக்கட்டும் என்றேன்.

“நீங்கள் போய்விடுவீர்கள். ஜனவரியில் உறைந்த குழாயைத் தட்டித் தட்டி வாளியில் தண்ணீர் பிடிப்பது இவள்தானே” என்று தீதியைக் காட்டினார். தீதி மறுபேச்சில்லாமல் அடுப்பில் இன்னொரு கட்டையைத் தள்ளிவிட்டு, முதலில் கட்டவேண்டியது எந்தப் பக்கம் என்று அவரிடம் விளக்கத் தொடங்கினார்.