தார் பாலையில் எலும்பு பொறுக்கிய கதை

ஜெய்சல்மேருக்கு எலும்பு தேடிப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "யாரோட எலும்பு?"

டைனோசர் காலத்து எலும்பு. மணல்மேட்டைத் தோண்டப் போகிறோம் என்ற நினைப்பில் போனேன். மணலில் ஒன்றும் கிடையாது. ஓடை அரித்த சரிவுகளில் மணற்கல்லும் களிப்பாறையும் வெளியே தெரியும். அங்கே குனிந்தபடி நடக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஜனவரி என்பதால் விடியலில் விரல் விறைக்கும், பத்து மணிக்கு ஸ்வெட்டர் இடுப்புக்கு வந்துவிடும்.

ஜுராசிக் காலத்தில் இது கடற்கரை. அதனால் கால் வைத்த இடமெல்லாம் சிப்பி. கூடவே கல்லாகிப்போன மரத்துண்டுகள். பக்கத்து அக்கல் கிராமத்தில் அவற்றுக்கென்று பூங்காவே இருக்கிறது. முதல் நான்கு நாளும் மரத்தையே எலும்பு என்று பொறுக்கினேன். துண்டின் உடைந்த பக்கத்தை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். எலும்பின் நுண்துளைகள் ஈரத்தை இழுப்பதால் நாக்கில் ஒட்டும். சில களிமண் துண்டுகளும் ஒட்டும் என்பதைச் சாப்பிட்டுத்தான் தெரிந்துகொண்டேன். லென்ஸில் ஸ்பாஞ்சு போலத் தெரிந்தால்தான் நம்பலாம்.

ஆறாம் நாள் அப்படி ஒன்று தெரிந்தது. சந்தோஷத்தில் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். எங்களைக் கூட்டிவந்த ஆசிரியர் துண்டைப் பார்க்கவே இல்லை. "எங்கிருந்து எடுத்தே?" என்றார். திரும்பிப் போனால் எல்லாச் சரிவும் ஒரே மாதிரி. எந்தப் பாறை அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாத எலும்புக்கு வயது சொல்ல முடியாது. முதலில் ஜிபிஎஸ், படம், குறிப்பு, அப்புறம்தான் கை. இரண்டு மணி நேரம் தேடி, மேலே ஒரு முள்ளெலும்பு, அதாவது முதுகுத்தண்டின் ஒரு கணு, பாறைக்குள் பாதி புதைந்திருப்பதைப் பார்த்தோம். என் துண்டு அதிலிருந்து விழுந்ததாக இருக்கலாம். ஆனால் உடைந்த விளிம்புகள் பொருந்தவில்லை.

அதை எடுக்க இரண்டு நாள். விரிசலில் பசை விட்டு, சுற்றிலும் பாறையை வெட்டி, ஈர டிஷ்யூ காகிதம் போர்த்தி, அதன்மேல் பிளாஸ்டரில் நனைத்த சாக்குத் துணியைச் சுற்றினோம். காய்ந்ததும் அடியை அறுத்துப் புரட்ட வேண்டும். அந்த ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை.

இது டைனோசரா, முதலை வகையா? ஒற்றை முள்ளெலும்பை வைத்து அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது. புதிய இனம் என்றால், தெரிந்த எந்த இனத்திலும் இல்லாத அடையாளத்தை எலும்பில் காட்டி, பெயருக்கு ஆதாரமான அந்த எலும்பை அருங்காட்சியகத்தில் வைத்து, கட்டுரை வெளியிட வேண்டும். இதே ஜெய்சல்மேரில் 2018-ல் எடுத்த எலும்புகளுக்குச் சொந்தமான, சுமார் 16.7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய தாவர உண்ணி டைனோசருக்கு, 'தாரோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயர் அச்சானது 2023-ல்.

எங்கள் முள்ளெலும்பைச் சுத்தம் செய்யவே ஏழு மாதம் ஆனது. இப்போதைக்கு அதற்குப் பெயர் இல்லை, எண் மட்டும். நான் தூக்கிக்கொண்டு ஓடிய துண்டு தனி டப்பாவில் இருக்கிறது. சீட்டில் 'இடம்: தோராயம்' என்று என் கையெழுத்து.