தண்ணீருக்குள் இருக்கும் அந்த ஒரு மணி நேரம்

ஜனவரி 12, திங்கள்

முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா டைவ் பயணத்துக்கான குறிப்புகள் இவை: சாமானையும் உயிரையும் எப்படிக் காத்துக்கொள்வது என்று. கிளம்ப இன்னும் நாள் இருக்கிறது. இப்போது இருப்பது எழுத்து வேலை. ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி), டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் மணிக்கட்டுக் கருவி), பிசிடி (காற்று நிரப்பி மிதக்க உதவும் மேல்சட்டை), கேமரா, அதன் நீர்க்காப்புக் கூடு எல்லாவற்றிலும் வரிசை எண் இருக்கும். ரெகுலேட்டரின் முதல் நிலையில் (சிலிண்டரோடு பொருத்தும் பகுதி) உலோகத்திலேயே பொறித்திருப்பார்கள், கம்ப்யூட்டரில் பெரும்பாலும் பின்பக்கம், பிசிடியில் உள்ளே தைத்த துணிச் சீட்டில். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு அந்தச் சீட்டு வெளுத்துவிடும். படிக்க முடிகிறபோதே படம் எடுத்து, ரசீதோடு சேர்த்து மின்னஞ்சலில் போட்டு, வீட்டில் ஒருவரிடமும் ஒரு பிரதி கொடுத்துவிட வேண்டும். எண் இல்லாத புகாரைப் போலீஸ் எழுதிக்கொள்ளும், காப்பீட்டு நிறுவனம்தான் இழுத்தடிக்கும்.

காப்பீட்டில் பலர் குழம்புவது இங்கேதான். பயணக் காப்பீடு வேறு, டைவ் விபத்துக் காப்பீடு வேறு. முதலாவது பெட்டிக்கும் பாஸ்போர்ட்டுக்கும். இரண்டாவது, அழுத்தநோய்க்கு (உடம்பில் கரைந்த நைட்ரஜன் மேலே வரும்போது குமிழியாவது) சிகிச்சை தரும் அழுத்த அறைக்கும், அந்த அறை இருக்கும் ஊருக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவுக்கும். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் (டான்) போன்ற அமைப்புகள் தருவது இந்த வகை. பயணக் காப்பீட்டில் நாலு வரியைத் தேடிப் படித்தால் போதும்: ஒரு பொருளுக்கு உச்சவரம்பு எவ்வளவு, ஆளில்லாத வாகனத்திலிருந்து போன பொருளுக்கு விலக்கு உண்டா, புகார் எத்தனை மணி நேரத்துக்குள் பதிவாக வேண்டும், எத்தனை மீட்டர் ஆழம் வரை செல்லும். வண்டியைக் கரையில் நிறுத்திவிட்டு அங்கிருந்தே டைவ் செய்யப்போகிறவர்களுக்கு இரண்டாவது வரிதான் உயிர்நாடி. அந்த விலக்கு இருந்தால் அவர்களுக்கு அந்த பாலிசியால் பாதிப் பயன்கூட இல்லை.

போகும் இடத்தைப் பற்றி உங்கள் அரசு வெளியிட்டிருக்கும் பயண எச்சரிக்கையையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். 2000 ஏப்ரலில் மலேசியாவின் சிபடான் தீவு டைவ் விடுதியிலிருந்து பிலிப்பைன்ஸின் அபு சயாஃப் ஆயுதக் குழு ஆட்கள் 21 பேரைக் கடத்திப்போனார்கள். இன்று அந்தத் தீவில் பயணிகள் இரவு தங்க முடியாது. இப்படிப்பட்ட பகுதிகளுக்கு 'போக வேண்டாம்' என்ற எச்சரிக்கை அமலில் இருக்கும்போது போனால், பல பாலிசிகள் தாமாகவே செல்லாமல் போகும்.

ஜனவரி 20, செவ்வாய்

பெட்டி கட்டும் நாள். டைவ் கம்பெனிப் பெயர் பெரிதாகப் போட்ட பை, உள்ளே என்ன இருக்கிறதென்று எல்லோருக்கும் சொல்லிவிடும். பழைய சாதாரண சூட்கேஸ் போதும். ரெகுலேட்டர், கம்ப்யூட்டர், பவர் கண்ணாடி வைத்த மாஸ்க் மூன்றும் கைப்பையில். காலில் மாட்டும் துடுப்பும் பிசிடியும் தொலைந்தால் வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் கண்ணுக்கான மாஸ்க் கிடைக்காது.

கத்தியும் கயிறு வெட்டியும் சரக்குப் பெட்டியில். உதிரி லித்தியம் பேட்டரி எதுவும் சரக்குப் பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில்தான், முனைகளில் டேப் ஒட்டி. 100 வாட் அவர் (பேட்டரியில் அடங்கும் மின்சக்தியின் அளவு) வரை பொதுவாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதுவும் இரண்டு உதிரிதான். டைவ் டார்ச்சின் பேட்டரியைக் கழற்றி வைக்கவும். பைக்குள் சுவிட்ச் தட்டி எரிய ஆரம்பித்தால், குளிர்விக்கத் தண்ணீர் இல்லாத டார்ச் பொசுங்கவைக்கும் அளவுக்குச் சூடாகும்.

துடுப்பு, பூட், எடைப்பட்டை (மூழ்க உதவும் எடை கோத்த இடுப்புப் பட்டை) எல்லாவற்றிலும் பெயிண்ட் மார்க்கரால் பெரிதாக, அசிங்கமாக ஒரு குறி. அழகாக இருந்தால் பலனில்லை.

ஜனவரி 28, புதன்

போன் பற்றி மட்டும். போன் போனால் கூடவே சிம்மும் போகிறது, சிம்மோடு ஓடிபியும் போகிறது. கார்டை முடக்க வங்கிக்குள் நுழைய வேண்டும், நுழைய ஓடிபி வேண்டும், ஓடிபி வரும் சிம் திருடன் கையில் இருக்கிறது. அதனால் சிம்முக்குத் தனிப் பின் போடவும். இல்லாவிட்டால் அதை வேறு போனில் செருகி உங்கள் ஓடிபியை அவன் வாங்குவான். மின்னஞ்சலுக்கான மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி, போனிலிருந்து தள்ளி வைக்கவும். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ என்ற போன் அடையாள எண்ணும், வங்கியின் வெளிநாட்டு அழைப்பு எண்ணும் அதே தாளில். இரண்டு கார்டு, இரண்டு இடம்.

ஜனவரி 30, வெள்ளி

அறைக்குள் நுழைந்ததும் செய்ய வேண்டியவை. பெட்டகத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பாருங்கள். அலமாரியோடு திருகி இறுக்காத பெட்டகம், திருடன் தூக்கிப்போக வசதியான ஒரு பெட்டி, அவ்வளவுதான். அடுத்து, உங்கள் எண்ணைப் போட்டுப் பூட்டிவிட்டு, ஆறு பூஜ்யம் அழுத்திப் பாருங்கள், பிறகு ஆறு ஒன்பது. தொழிற்சாலையில் வைத்த பொது எண்ணை மாற்றாமலே விட்டிருக்கும் விடுதிகள் உண்டு. திறந்துகொண்டால் வரவேற்பறையில் சொல்லி மாற்றச் சொல்லவும், அதுவரை அதில் எதுவும் வைக்க வேண்டாம்.

தரைத்தள அறை சிலிண்டர் தூக்க வசதி, பால்கனி வழியாக ஏற அதைவிட வசதி. ஈரச் சாமான் கீழே பூட்டு போட்ட கூண்டில், ஆள் மேல்மாடியில் என்று பிரித்துக் கேட்பதே நல்லது. கூண்டுக்கு உங்கள் சொந்தப் பூட்டு. கதவுக்கு ஒரு ரப்பர் ஆப்பு கொண்டுபோனால், இரவில் உள்ளே இருக்கும்போது மாற்றுச் சாவியாலும் கதவு சுலபத்தில் நகராது.

தனியாக வந்திருக்கும் பெண்களுக்கு: வரவேற்பறையில் அறை எண்ணை உரக்கச் சொன்னால் வேறு அறை கேளுங்கள். படகில் யாரும் உங்கள் பிசிடி பட்டையைச் சரிசெய்ய வரும்போது, கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். பட்டைகளை நீங்களே இறுக்கிக்கொண்டு கூட இறங்கும் ஜோடியிடம் சரிபார்க்கச் சொல்வது முழுக்க முறையானது. வழிகாட்டியான டைவ் மாஸ்டர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஜனவரி 31, சனி

கரை டைவ். இதை நீளமாகத்தான் எழுத வேண்டும், இழப்பில் பெரும்பங்கு இங்கேதான்.

டைவ் செய்கிறவரிடம் திருடுவது சுலபம். அவர் எப்போது போனார், எவ்வளவு நேரம் வரமாட்டார் என்பதை அவரே காட்டிவிட்டுப் போகிறார். முதுகில் சிலிண்டரோடு ஒருவர் தண்ணீரில் இறங்கினால் குறைந்தது முக்கால் மணி நேரம் வண்டிப் பக்கம் யாரும் இல்லை. கரீபியனின் பொனேர் தீவில் டைவ் இடங்களை மஞ்சள் வண்ணக் கற்களால் குறித்திருக்கிறார்கள். வண்டி எங்கே நிற்கும் என்று திருடனுக்குத் தேட வேண்டிய வேலைகூட இல்லை. அங்கே பழகியவர்கள் சொல்வது ஒன்றுதான்: வண்டியில் ஒன்றும் வைக்காதே, கதவைப் பூட்டாதே, கண்ணாடியை இறக்கிவிடு. கையுறைப் பெட்டியையும் திறந்தே வைத்தால், பார்க்க வந்தவன் பார்த்துவிட்டுப் போவான், உடைந்த கண்ணாடிக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் வாடகை ஒப்பந்தத்தை முதலில் படிக்கவும். பூட்டாத வண்டி காணாமல் போனால் பொறுப்பு உங்களுடையது என்று எழுதியிருந்தால் கணக்கு மாறும்.

சாவி. சக்கரத்தின் மேல், கல்லுக்கு அடியில், பெட்ரோல் மூடிக்குள்: மூன்றும் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத் தெரிந்த இடங்கள். வண்டியை வாடகைக்குத் தருபவரிடம் எலெக்ட்ரானிக்ஸ் இல்லாத சாதா உலோகச் சாவி தரச் சொல்லிக் கேளுங்கள். அதைக் கொக்கியில் மாட்டி பிசிடி பைக்குள் போட்டு எடுத்துப்போகலாம், வந்ததும் நல்ல தண்ணீரில் அலசினால் போதும். ரிமோட் சாவிதான் என்றால் ஆழத்துக்கென்றே செய்த அழுத்தம் தாங்கும் டப்பா வேண்டும். ஐபிஎக்ஸ்7 (நீர்க்காப்புத் தரக் குறியீடு) என்று எழுதிய பொருள் 1 மீட்டரில் 30 நிமிடத்துக்குச் சோதித்தது. 20 மீட்டரில் மொத்த அழுத்தம் கரையில் இருப்பதைப்போல மூன்று மடங்கு. மிருதுவான பிளாஸ்டிக் உறை அந்த அழுத்தத்தில் ஒட்டிச் சுருங்கி, உள்ளே பட்டனைத் தானே அமுக்கும். டப்பாவின் ரப்பர் வளையத்தில் ஒரு முடியோ மணலோ இருந்தால் கசியும். முதல் டைவில் சாவி வைக்காமல் ஒரு டிஷ்யூ தாளை மட்டும் வைத்து இறக்கிப் பார்க்கவும். கால் லிட்டர் டப்பா, அதன் சொந்த எடை போக, கால் கிலோ வரை மேலே தூக்கும் என்பதையும் எடைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சிக்கல். ஆக்சிஜன் பெட்டியும் முதலுதவியும் குடிதண்ணீரும் கரையில் இருந்தே ஆக வேண்டும், திருட்டுப் பயத்துக்காக அறையில் விட்டு வர முடியாது. கரையில் காவலுக்கு ஒருவர் இருப்பதுதான் வழி. அவர் மூன்றாவது ஆளாக இருக்க வேண்டும். இரண்டே பேர் வந்துவிட்டு, 'நீ போ, நான் வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன், அப்புறம் நான் போகிறேன்' என்று பிரிவது வண்டியைக் காப்பாற்ற ஆளைத் தனியாக இறக்குவது. இருவரும் போகலாம், அல்லது இருவரும் போகாமல் இருக்கலாம், மூன்றாவது ஏற்பாடு இல்லை.

எந்த இடத்தில் இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குள் வர வேண்டும் என்பதை விடுதியிலோ டைவ் கடையிலோ சொல்லிவிட்டு வரவும். வண்டிக் கண்ணாடியில் எழுதி ஒட்டுவது தேடி வருபவருக்கு உதவும், திருடனுக்கு இன்னும் அதிகமாக உதவும். 'எவ்வளவு நேரம் ஆகும்?' என்று கரையில் யாராவது கேட்டால், நண்பர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

மேலே வந்து பார்க்கும்போது வண்டியருகே ஆள் நின்றால்? பிசிடியில் காற்றை நிரப்பி மிதந்தபடி தள்ளியே இருங்கள். தூரத்திலிருந்து கூப்பிட்டு அவன் போக நேரம் கொடுங்கள். முதுகில் சிலிண்டரும் இடுப்பில் எடையுமாகப் பாறையில் ஓடினால் முதலில் உடைவது கணுக்கால். டைவ் முடிந்தவுடன் கடுமையாக உழைப்பது அழுத்தநோய் அபாயத்தையும் கூட்டும். சாமான் நினைப்பில் மேலே வரும் வேகம் கூடிவிடுவது இன்னும் மோசம்: நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேண்டாம், 5 மீட்டரில் 3 நிமிட நிறுத்தத்தை எதற்காகவும் விட வேண்டாம்.

பிப்ரவரி 2, திங்கள்

படகு. இங்கே 'திருட்டு' என்று சொல்லப்படுவதில் நிறைய, கைமாற்றம்தான். ஒரே நிறத் துடுப்பு, ஒரே மாதிரி எடைப்பட்டை. கம்ப்யூட்டரை மட்டும் இடைவேளையிலும் மணிக்கட்டிலிருந்து கழற்ற வேண்டாம். அலசும் தொட்டியில் போட்டால் அது அடுத்தவர் கைக்குப் போகும். பொருளுக்கு மேல் இதில் இன்னொரு நஷ்டம் உண்டு. உங்கள் உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் கணக்கு அந்த ஒரு கருவிக்குத்தான் தெரியும். காணாமல் போய், கடையில் வேறு ஒன்றை வாங்கிக் கட்டினால், அது உங்களை இன்று முதன்முதலாக இறங்குபவராக நினைத்து நீருக்குள் அதிக நேரம் கொடுக்கும். குறைந்தது 24 மணி நேரம் இறங்காமல் இருந்துவிட்டுப் புதியதைக் கட்டுங்கள்.

ரெகுலேட்டர் போய் வாடகைக் கருவி வந்தால்: இரண்டு வாய்ப்பகுதியிலும் நாலைந்து மூச்சு இழுத்தபடி அழுத்தமானியைப் பாருங்கள். முள் ஒவ்வொரு மூச்சுக்கும் விழுந்து எழுந்தால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. பிசிடியில் காற்றேற்றும் பட்டன் அழுத்தியபின் சிக்கிக்கொள்கிறதா, காற்று வெளியேற்றும் கயிறுகள் வேலை செய்கின்றனவா என்றும் பார்க்கவும். முதல் டைவ் ஆழம் குறைந்த இடத்தில்.

தலை எண்ணிக்கையைப் படகுக்காரர்களிடம் மட்டும் விடாமல், உங்கள் பெயர் வாசிக்கப்பட்டதா என்று நீங்களே கேளுங்கள். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் இரண்டு அமெரிக்கர்களைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு திரும்பியது. அவர்கள் பை படகில் கிடந்ததைப் பார்த்து விஷயம் தெரியவந்தபோது இரண்டு நாள் கடந்திருந்தது. தூரத்திலிருந்து கண்ணில் பட ஆளுக்கொரு சிக்னல் மிதவை, விசில், வெயிலைப் பிரதிபலிக்கும் சிறிய கண்ணாடி அவசியம்.

பிப்ரவரி 3, செவ்வாய்

இரவு தங்கும் படகில் ஏறினால், திருட்டை மறந்துவிட்டுத் தீயை நினைக்கலாம். 2019 செப்டம்பரில் கலிபோர்னியா கடலில் 'கன்செப்ஷன்' டைவ் படகு எரிந்து 34 பேர் இறந்தார்கள். இரவில் சுற்றிவரும் காவல் ஆள் இல்லை. கீழ்த்தளத்தின் இரண்டு வழியும் ஒரே அறைக்குள்தான் திறந்தன. ஆகவே கேப்டனிடம் நேராகக் கேளுங்கள்: இரவில் யார் விழித்திருக்கிறார்? இரண்டாவது வழி எங்கே போய்த் திறக்கிறது? அந்த வழியில் ஒருமுறை ஏறி வெளியே வந்து பாருங்கள். படுக்கையில் பேட்டரி சார்ஜ் போட வேண்டாம், ஆள் பார்வையில் மட்டும்.

பிப்ரவரி 5, வியாழன்

மாலை நேரத் தெரு. பை, சாலைக்கு எதிர்ப்பக்கத் தோளில். போனைச் சாலையோரம் நின்று நீட்டிப் பார்க்க வேண்டாம், பைக்கில் வருபவர் பறிப்பது அந்த நிலையில்தான். ஒரு நாள் செலவுக்கான பணமும் காலாவதியான ஒரு கார்டும் வைத்த போலி பர்ஸ் ஒன்று தனியாக இருக்கட்டும்.

கத்தி காட்டினால் கொடுத்துவிடுங்கள், மணிக்கட்டுக் கம்ப்யூட்டர் உட்பட. பிறகு வரிசை: வெளிச்சமுள்ள இடம், சிம் முடக்கம், கார்டு முடக்கம், போலீஸ் புகாரின் எண் போட்ட பிரதி, பாஸ்போர்ட் போயிருந்தால் தூதரகம். அன்று டைவ் செய்திருந்து, பிறகு கைகால் மரத்தாலோ மூட்டு வலித்தாலோ அதிர்ச்சி என்று தள்ளாமல் ஆக்சிஜன் கொடுத்து டைவ் மருத்துவரை அழைக்கவும்.

ஏற்கனவே மூடி திறந்த புட்டியிலிருந்து ஊற்றும், பெயர் தெரியாத சாராயம் வேண்டாம். 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங்கில் மெத்தனால் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். அதன் அறிகுறிகள் பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான் தெரியும். பார்வை மங்கல் என்றால் டைவ் அல்ல, மருத்துவமனை.

பிப்ரவரி 6, வெள்ளி

கடைசி டைவ் இன்று காலையோடு சரி. பல நாள் தொடர்ந்து இறங்கியவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது டான் வழிகாட்டுதல். ஒரே ஒரு டைவ் என்றால் 12. மேலே வரும் வழியில் அழுத்தநோயைத் தவிர்க்கும் நிறுத்தங்கள் கட்டாயமான ஆழ டைவ் என்றால் 18-ஐவிடக் கணிசமாக அதிகம்.

இந்தக் காத்திருப்பில்தான் சாமான் காய வேண்டும், அதனால் எல்லாமே பால்கனியில் தொங்கும். ரெகுலேட்டரை அறைக்குள் குளியலறைக் கம்பியில் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள், முதல் நிலையின் தூசி மூடியைப் போட்டு. வெட்சூட், பூட் வெளியே இருந்தால் போதும், அதையும் இருட்டுவதற்குள் உள்ளே எடுத்துவிடவும். பாதி ஈரமாகவே பெட்டியில் வைக்க நேர்ந்தால் கனமான பிளாஸ்டிக் பையில் தனியாகக் கட்டுங்கள், எடை கூடும் என்பதை விமானச் சுமைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு.